ரேடியேட்டர் மூடி

கோப்பி நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் கராஜ் மெஷினில் வருவது கோப்பை கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும். செசீலியா அக்கா, நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் ஐயாவுக்கு மொழிபெயர்த்துவிடுங்கள். எனக்கும் ஜெர்மன் வரும். ஆனால் கார் பழுதைப் பற்றிப் பேசும் ஜெர்மன்தான் வரும். இதற்கு அது போதாது.

என் பெயர் உருத்திரமூர்த்தி. ஊஸ்டரில் மெக்கானிக்காக இருக்கிறேன். போன கோடையில் என் நண்பன் கிருபாகரனுக்கு நடந்ததைப் பொலிஸில் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். உங்கள் மேல் பிழை இல்லை. பார்க்க விபத்து போலத்தான் இருந்தது.

கார் எங்கள் இருவருக்கும் சொந்தம். அறுபத்தொன்பதாம் ஆண்டு அமெரிக்கக் கார், எட்டு சிலிண்டர், சிவப்பு நிறம். இடத்தை அடைக்கிறது என்று கராஜ் முதலாளி எங்களிடம் தள்ளிவிட்ட கார். நானும் கிருபாவும் அகதிகளாக வந்த நாளிலிருந்து ஒரே அறையில் இருந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேருமாக அதைப் பிரித்துப் பூட்டினோம். ஓடத் தொடங்கியதும் எங்கள் ஆட்கள் கல்யாணத்துக்குக் கேட்டு வந்தார்கள். பென்ஸ் எல்லோரிடமும் இருந்தது. இப்படி ஒன்று யாரிடமும் இல்லை.

சிக்கல் மாப்பிள்ளை ஊர்வலத்தில்தான். மேளமும் நாதஸ்வரமும் முன்னால் போகக் கார் பின்னால் நடைவேகத்தில் ஊர வேண்டும். அந்த எஞ்சினை நெடுஞ்சாலையில் பறப்பதற்குச் செய்தார்களே தவிர, தவில்காரருக்குப் பின்னால் ஊர்வதற்குச் செய்யவில்லை. காற்றுப் படாவிட்டால் தண்ணீர் கொதித்துவிடும். வின்டர்தூரில் ஒரு மாப்பிள்ளை தலைப்பாகையோடு இறங்கி ஆவிக்குள் நின்று தும்மினார். வீடியோக்காரர் அதையும் விடாமல் எடுத்தார்.

கிருபாவுக்கு அது பெரிதாகப் படவில்லை. யாழ்ப்பாணத்தில் அவன் அப்பா ஏ40 என்ற பழைய இங்கிலீஷ் கார் வைத்து வாடகைக்கு ஓடியவர். அந்தக் கார்களை வழியில் நிறுத்தி, துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகி, போத்தல் தண்ணீரை ஊற்றிக்கொண்டு போவார்கள். அவனும் அப்படியே செய்வான். "இவளுக்குத் தொண்டை வறண்டு போச்சு" என்று காரைக் கேலி செய்துகொண்டே ஊற்றுவான். எங்கள் பழைய ரேடியேட்டர் அங்கங்கே கசிந்ததால் உள்ளே அழுத்தம் நிற்காது. அதனால் அவனுக்கு ஒன்றும் ஆனதில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். நான் அந்தப் பழக்கத்தைக் கவனித்து வைத்திருந்தேன். அப்போது அதற்குக் காரணம் ஒன்றும் இல்லை.

புது ரேடியேட்டர் போடலாம் என்று சொன்னது நான்தான். அதில் கபடம் இருக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து அலுமினியத்தில் எடுப்பித்தோம். பழையதைவிட அகலமாக இருந்ததால் அதைத் தாங்கும் சட்டத்தை வெட்டி ஒட்டினேன். எஞ்சினோடு சுற்றும் விசிறியைக் கழற்றிவிட்டு, சூடேறினால் தானாக ஓடும் மின்விசிறியைப் பூட்டினேன். மூடியும் அதிக அழுத்தம் தாங்கும் மூடி. இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும், ஐயா. அழுத்தத்துக்குள் அடைபட்ட தண்ணீர் நூறு பாகையைத் தாண்டினாலும் கொதிக்காது. சத்தம் போடாது, ஆவி விடாது. திறந்தால்தான் எல்லாம் ஒரேயடியாகக் கொதித்து வெளியே பாயும்.

கிருபாவுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். அந்தக் கிழமை அவன் ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்து காட்டினான்.

"பொம்பிளை ஓமெண்டிட்டாளாம், மச்சான். நீ எடுத்த படம்தான் போனது. உன்ர கைராசி."

அவன் காரில் சாய்ந்து சிரித்துக்கொண்டு நிற்கும் படம் அது. நான்தான் எடுத்தேன். அவன் காட்டிய பெண்ணின் படத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். பெயர் ஜெயமலர், கொழும்பில் இருந்தாள். ஜெனீவாவில் கல்யாணம் பேசிவைக்கும் தம்பித்துரை அண்ணை அந்தப் படத்தை முதலில் எனக்குத்தான் அனுப்பியிருந்தார். என் படம் அவளுக்குப் போனது. பிறகு அண்ணை தொலைபேசியில், "முகம் பிடிக்கேல்லையாம், தம்பி. குறை நினையாதை" என்றார். வெட்கத்தில் இதை நான் கிருபாவிடம் சொல்லவில்லை.

அவனைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். அது சரியான சொல் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே கார், ஒரே மாதிரியான வாழ்க்கை. வித்தியாசம் முகத்தில் மட்டும்தான். அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மூடியைப் பற்றி அவனிடம் நான் சொல்லவே இல்லை. சூடாக இருக்கும்போது திறக்க வேண்டாம் என்று அதன் மேல் ஓர் எச்சரிக்கை ஒட்டியிருந்தது. பெற்றோல் தொட்டுத் துடைத்து அதையும் எடுத்துவிட்டேன். பார்க்க அழகில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜெயமலர் வந்து சோலோதுர்னில் தன் மாமா வீட்டில் தங்கினாள். ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. ஆனி மாதம் அதே ஊரில் வேறொரு கல்யாணத்துக்கு எங்கள் காரைக் கேட்டார்கள். அவளும் அங்கே வருகிறாள் என்று கிருபா வழி முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டு வந்தான். நல்ல வெயில். மாப்பிள்ளையை ஏற்றுவதற்கு முன் மின்விசிறியின் வயரைச் சொருகியிலிருந்து இழுத்துவிட்டேன். வெட்டவில்லை, வெட்டினால் பிறகு தெரியும். தண்ணீர்ப் போத்தலையும் துணியையும் அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன்.

கிருபா காரை ஓட்டினான். நான் பக்கத்தில் நடந்தேன். சூடு காட்டும் முள் ஏறுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனேன். மண்டப வாசலில் மாப்பிள்ளை இறங்க, ஆரத்தி எடுத்தார்கள். கிருபா இறங்கி வந்து பொனட்டைத் தூக்கினான். ஆவி ஏதும் வரவில்லை.

"புதுசு பூட்டியும் சூடேறுது பார். ஆனா கொதிக்கேல்லை. திறக்கலாமோ, மச்சான்?"

அவன் கேட்டான், ஐயா. இத்தனை காலத்தில் ஒருநாளும் கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டான். நான் மனம் வைத்திருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் நின்றிருக்கும். வாசலில் ஜெயமலர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம், திற" என்றேன். சொல்லிவிட்டுப் பின்னால் விலகினேன்.

நாதஸ்வரம் உடனே நிற்கவில்லை. தள்ளி நின்றவர்களுக்கு விளங்க நேரம் எடுத்தது. அவனை முதலில் தூக்கியது நான்தான். ஆம்புலன்ஸ் போன பிறகு வயரை மறுபடியும் சொருகிவிட்டேன். உங்கள் ஆட்கள் சோதித்தபோது விசிறி ஒழுங்காகச் சுற்றியது.

அவன் சாக வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. முகம் மட்டும்தான். கண்களை நான் யோசிக்கவில்லை. அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

ஜெயமலர் எங்கள் இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் மாறுவாள் என்று நினைத்தேன். அவள் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட அந்த முகத்துக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவள் பிறகு எழும்பவில்லை. மாமா வந்து கூப்பிட்டார். "நான் படத்தைக் கட்ட வரேல்லை, மாமா. நீங்கள் போங்கோ" என்றாள். சொன்னபடி ஆவணியில் பதிவுத் திருமணம் நடந்தது. சாட்சியாகக் கையெழுத்துப் போட்டது நான்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை. செய்த பாவம் என்னை விடவில்லை, ஐயா. வேலை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குத்தான் போகிறேன். அவனுக்குச் சவரம் செய்து விடுகிறேன். தழும்புகளுக்கு மேலே கத்தி போகும்போது அவன் அசையாமல் இருப்பான். என் மேல் அவ்வளவு நம்பிக்கை. பத்திரிகை வாசித்துக் காட்டுகிறேன். கடைக்குப் போய்வருகிறேன். பேர்னில் இருந்து வந்த ஒரு குடும்பம், கூடப்பிறந்தவனும் இப்படிப் பார்க்க மாட்டான் என்று என்னைப் புகழ்ந்தது. நான் அவர்கள் குடித்த கோப்பைகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

ஜெயமலர் இப்போது பிள்ளைத்தாய்ச்சி. போன கிழமை சவரம் முடிந்து முகத்தைத் துடைத்துவிடும்போது அவன் என் கையைப் பிடித்தான்.

"பிள்ளை பிறந்தா முகம் எப்பிடியிருக்கெண்டு நீதான் எனக்குச் சொல்லவேணும். இவள் என்ர மனம் நோகக்கூடாதெண்டு பொய் சொல்லுவாள். நீ சொல்லமாட்டாய், மச்சான்."

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு என்னால் போக முடியவில்லை. இங்கே வந்தேன்.

எச்சரிக்கையைத் துடைத்தது நான். வயரை இழுத்தது நான். திற என்று சொன்னதும் நான்தான். தெரிந்தேதான் செய்தேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், ஐயா. இதை நீங்கள் போய் அவனிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டான். ஒரு மாலை மட்டும் என்னை விடுங்கள், நானே பக்கத்தில் இருந்து பக்குவமாகச் சொல்கிறேன். இந்த நாட்டில் என்னை விட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?