முகத்தில் கை வைக்காத முனீஸ்வரி அக்கா

திண்டுக்கல் மாவட்டத்தில் கேமரா வைத்துப் பிழைக்கும் நாம் அத்தனை பேரும் ஜனங்களின் தோலைத் திருடியவர்கள். கருப்பாகப் பிறந்த மணப்பெண்ணை வெளுப்பாக்கித்தான் ஆல்பம் கொடுத்திருக்கிறோம். அந்தத் திருட்டில் கடைசிவரை பங்கு கேட்காத ஒருவர் இறந்துவிட்டார்.

சங்கத் தலைவர் அக்பர் அலி பாய் அவர்களே, மேடையில் இருக்கும் மூத்த ஒளிப்படக் கலைஞர்களே, சின்னாளப்பட்டியிலிருந்து தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் உறவினர்களே, நம்மைவிட்டுப் போன முனீஸ்வரி அக்காவின் மகள், முன்வரிசையில் இருக்கும் வினிதாவே, வணக்கம். எனக்குப் பின்னால் ஃபிளெக்ஸில் தொங்கும் அக்காவின் படத்தைத்தான் நாளை சங்கக் கட்டடத்தில் மாட்டப் போகிறோம். அது கூடாது என்று சொல்லத்தான் மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

எனக்கு முன் பேசியவர்கள் அக்காவை வண்ணங்களின் அரசி என்றார்கள். எனக்கும் அவருக்கும் சண்டையே அந்த வண்ணத்தில்தான்! நான் செய்திப் படம் எடுப்பவன். கண்ணில் பட்டது படத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவரோ அகரம் பக்கம் பூப்பறிக்கும் மூக்காயியைப் படம் எடுத்துவிட்டு, செடி, பூ, மண் எல்லாவற்றையும் ரத்தச் சிவப்பாக்கிக் கண்காட்சியில் வைத்தார்.

"யக்கா, மல்லி எந்த ஊர்ல செவப்பாப் பூக்குது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"ஏலே அழகுராஜா, வெயில்ல குனிஞ்சே பறிச்சிட்டு வெடுக்குனு நிமிந்து பாரு. எந்த ஊர்லன்னு அப்பத் தெரியும்."

கூட்டமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தப் படத்தை இன்றும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் நண்பர்களே, அத்தனை சிவப்புக்கு நடுவிலும் மூக்காயியின் முகம் மூக்காயியின் நிறத்திலேயே இருந்தது! உங்களில் எத்தனை பேர் அதைக் கவனித்தீர்கள்?

ரெட்டியார்சத்திரத்தில் ஒரு கல்யாணம். அக்காவுக்கு உதவியாகப் போயிருந்தேன். மாப்பிள்ளையின் மாமா வந்து, "பொண்ண மட்டும் கொஞ்சம் வெளுப்பாப் போட்டுருங்கம்மா" என்றார்.

"போட்டுரலாம்ணே. நாளைக்கு ஆல்பத்தப் பாத்துட்டு, இந்தப் பொண்ணு எங்கன்னு மாப்ள தேட ஆரம்பிச்சா நீங்கதான் பதில் சொல்லணும்."

மணப்பெண் மாலையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. அந்த வீட்டின் அடுத்த முகூர்த்தம் வேறு ஸ்டுடியோவுக்குப் போனது. இப்படிப் போன முகூர்த்தங்கள் எத்தனை!

வண்டியில் திரும்பும்போது எரிச்சலில் கேட்டேன்: "வானத்த மாத்துறீங்க, மண்ண மாத்துறீங்க. இத மட்டும் மாத்துனா என்னக்கா?"

"வானம் யாருக்கும் சொந்தமில்ல அப்பு. மூஞ்சி அவளோடது."

இப்போது இந்த ஃபிளெக்ஸைப் பாருங்கள். யார் இந்த ரோஸ் நிறப் பெண்மணி? இந்த ஃபிளெக்ஸைத் தயாரித்த நம் சங்கத்துப் பழனிக்குமார் அண்ணன் இதைக் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் செய்தார் என்று எனக்குத் தெரியும். கைப்பழக்கம்! திரையில் முகம் வந்ததும் முதலில் அதை வெளுப்பாக்குவதுதான் நம் எல்லோருக்கும் வேலை. செத்தவர் யார் என்றுகூடக் கை யோசிக்கவில்லை. வாசலில் வினிதா என்னிடம் சொன்னது இதுதான்: "அண்ணே, இது எங்கம்மா இல்ல. எங்க சித்தி மாதிரி இருக்கு."

அக்கா பெயரில் விருது தருவதாகத் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழியும் எடுக்கப் போகிறோம். எந்தப் பணியை? வானத்துக்கு வண்ணம் அடிப்பதையா? அதை எந்த மென்பொருளும் செய்யும்!

அக்கா தன்னைத்தானே எடுத்துக்கொண்ட ஒரு படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டு வந்திருக்கிறேன். பின்னால் வானம் கிளிப்பச்சை. எந்த ஊரிலும் அப்படி வானம் கிடையாது. நான் எடுத்திருந்தால் அழித்திருப்பேன். ஆனால் முன்னால் நிற்பது முனீஸ்வரி அக்கா. அச்சு அசலாக அவருடைய கருப்பு. பச்சை வானத்தோடேயே இதை மாட்டுங்கள்.

பழனிக்குமார் அண்ணே, மேலே வந்து அந்த ஃபிளெக்ஸின் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்.

தலைவர் அவர்களே, நீங்களாவது சொல்லுங்கள்.

வினிதா, நீ உட்காரம்மா. இது நீ செய்ய வேண்டிய வேலை இல்லை, எங்கள் வேலை.

யார் வருகிறீர்கள்?