சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக

— கையை ஆட்டாதீங்க, கோட்டுல ஊசி இருக்கு. நோட்டுலேர்ந்து அடுத்த வார்த்தை கேக்கட்டுமா?

— கேளு. பஸ் ஒன்பதே முக்காலுக்கு. அதாவது, இன்னும் நாப்பது நிமிஷம். பதினோரு மணிக்கு இன்டர்வியூன்னா பத்தரைக்கெல்லாம் நான் அங்க இருக்கணும்.

— இதை அஞ்சாவது தடவையாச் சொல்றீங்க. வொ, ரே, ஷி, யஸ்.

— வொரேஷியஸ். அதாவது, அடங்காத பசி. வாக்கியம்: "மை பிரதர் இன் லா இஸ் எ வொரேஷியஸ் ஈட்டர்."

— பிரதர் இன் லான்னா என் தம்பிதானே?

— உதாரணத்துக்குச் சொன்னது.

— உதாரணத்துக்கு உங்க தம்பி கிடைக்கலியா?

— அவன் எங்க சாப்பிடுறான்? குடிக்கத்தான் செய்யறான். அதுக்கு வேற வார்த்தை, முப்பத்தாறாம் பக்கம். கோச்சிங் சார் கண்டிப்பாச் சொல்லிட்டாரு. வாக்கியம் சொந்த வாழ்க்கையிலேர்ந்து வரணும், நூத்துக்கு நூறு உண்மையா இருக்கணும். பொய்யா எழுதினா வார்த்தை மனசுல ஒட்டாதாம்.

— நல்ல சார்தான். ஏங்க, கம்பெனி ஸ்டோர்ல உக்காந்து ஆணியும் போல்ட்டும் எண்ணிக் குடுக்கிற உத்தியோகம். மேனேஜர் ஆயிட்டா ஆணிக்கு இங்கிலீஷ் புரியுமா?

— இதான் உனக்கு விளங்கறதில்ல. போன தடவை எங்க கேட் செக்‌ஷன்காரன் இன்டர்வியூ போர்டு முன்னாடி ஒரே ஒரு வார்த்தை சொன்னான். மூணு பேரும் தலையாட்டினாங்க. ஒருத்தருக்கும் அர்த்தம் தெரியாது.

— தெரியாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— சொன்னவனுக்கே தெரியாதே. இப்ப அவன் மேனேஜர். காருக்குக் கதவு திறந்துவிட ஆள் நிக்குது.

— நடந்துக்கிட்டே இருந்தா நான் எப்படிக் கை நீளம் பாக்கிறது? ஒரு இடத்துல நில்லுங்களேன்.

— நிக்க முடியல. இந்தா, கழட்டித் தர்றேன், மேஜையில வச்சுப் பாரு. கேளு.

— லொ, க்வே, ஷியஸ்.

— லொக்வேஷியஸ். ஓயாம பேசறது. "அவர் ஜெனரல் மேனேஜர் இஸ் லொக்வேஷியஸ்."

— அவரும் போர்டுல இருக்காரே. அவர் மூஞ்சிக்கு நேரா இதைச் சொல்லப் போறீங்களா?

— சொன்னா நன்றி சொல்வாரு. அடுத்தது.

— இன், எவி, டபிள்.

— இன்எவிடபிள். அதாவது, தவிர்க்க முடியாதது. "ரெயின் இஸ் இன்எவிடபிள்." மழை தவிர்க்க முடியாதது.

— இதுல அப்படி இல்லியே.

— எதுல?

— நோட்டுல. நீங்க சொன்னது மூணே வார்த்தை. இங்க ரெண்டு வரிக்கு எழுதியிருக்கு.

— அது பழைய வாக்கியம். பக்கத்துல தமிழ்ல எழுதி வச்சிருக்கேன் பாரு, அதை மட்டும் வாசி. இங்கிலீஷ் பக்கம் போகாத.

— ஷாப்னு இருக்கு. அந்த நாலு எழுத்து என் தையல் கடை போர்டுல பதினோரு வருஷமாத் தொங்குது.

— அது பொதுவா, கடைகள்னு ஒரு இதுல எழுதினது.

— க்ளோஸ்னும் இருக்கு. மத்தியானம் சாப்பிட வர்றப்ப நான் மாட்டுற அட்டையில அதேதான் இருக்கு. மழைக்கும் என் கடையை மூடறதுக்கும் என்னங்க சம்பந்தம்?

— கோட்டைக் குடு. நேரமாச்சு.

— ஒரு கைதான் மடிச்சிருக்கேன். ஒத்தைக் கையோட போவீங்களா?

— அதாவது, விஷயம் என்னன்னா, மேனேஜர் போஸ்ட் இந்த ஊர்ல இல்ல. தலைமை ஆபீஸ்ல. இங்கேர்ந்து ஒரு ராத்திரி ரயில்ல போகணும்.

— என் கடை?

— அங்க என்ன, துணி தைக்காமயா இருக்காங்க?

— தைக்கிறாங்க. தைக்கிறதுக்கு அவங்க ஊர் ஆளும் இருக்கும். இங்க ரெண்டு பொண்ணுங்க என்னை நம்பி மெஷின் மிதிக்குதுங்க. எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?

— அப்ளிகேஷன் போட்டதுலேர்ந்து. மூணு மாசமா. சொல்லணும்னுதான் இருந்தேன். கிடைக்காமப் போச்சுன்னா எதுக்கு வீணா ஒரு சண்டைன்னு பாத்தேன்.

— "மை ஹஸ்பண்ட் ஹேஸ் பீன் ப்ரோக்ராஸ்டினேட்டிங் ஃபார் த்ரீ மந்த்ஸ்."

— என்ன சொன்ன?

— தள்ளிப்போடறது. நாப்பத்திரண்டாம் பக்கம். சரியா?

— சரியாத்தான் இருக்கு. யாரு சொல்லிக் குடுத்தா?

— நீங்கதான். தினம் காலையில இந்த மெஷின் பக்கத்துல நின்னு சத்தம் போட்டுப் படிக்கிறீங்க. எனக்குக் கையும் காலும்தான் வேலையில இருக்கு, காது சும்மாதானே கிடக்கு. வார்த்தை வரைக்கும் சத்தமாப் படிச்சுட்டு, வாக்கியம் வந்ததும் வாயை மூடிக்குவீங்க. ஏன்னு பாக்கத்தான் நோட்டை எடுத்தேன். அன்னையிலேர்ந்து வாக்கியமும் படிக்கிறேன், என் கடையை மூடறது தவிர்க்க முடியாதுன்னு எழுதினதையும் சேத்து.

— அப்ப இவ்வளவு நேரம் எழுத்துக்கூட்டி வாசிச்சது?

— நீங்க மெனக்கெட்டுச் சொல்லிக் குடுக்கிறீங்க, கெடுப்பானேன்னு.

— இங்க பாரு, இன்னைக்கு ஒரு நாள் விடு. கெஞ்சிக் கேக்கறேன். இருபத்து மூணு வருஷம் ஆணி எண்ணியிருக்கேன். லோடு இறக்க வர்றவன்கூட என்னை 'யோவ் ஸ்டோர்'னு கூப்பிடறான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சார்னு கேட்டுட்டு ரிடையர் ஆகணும். இதுவும் போச்சுன்னா அவ்வளவுதான்.

— போகாது. இந்தாங்க, போட்டுப் பாருங்க. தோள் சரியா உக்காந்திருக்கு.

— போகாதுன்னா?

— உங்க கம்பெனியில ஆளெடுக்கிற பெர்சனல் ஆபீசரம்மா போன வாரம் கடைக்கு ப்ளவுஸ் அளவு குடுக்க வந்தாங்க. ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நிக்கிறப்ப மனுஷங்களுக்கு எதையும் ஒளிக்கத் தோணறதில்ல. லிஸ்ட் எப்பவோ கையெழுத்தாயிடுச்சாம். உங்க பேர்தானாம். இன்னைக்கு நடக்கறது சும்மா கணக்குக்கு.

— கையெழுத்தாயிடுச்சா? ஒரு வாரமாத் தெரிஞ்சும் நீ வாயைத் திறக்கலியா?

— நீங்க மூணு மாசம் எடுத்துக்கிட்டீங்க. நான் ஒரு வாரம்.

— சரி, சரி. கோவிச்சுக்காத. அப்ப எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. அந்தம்மா வேற என்ன சொன்னாங்க?

— சொல்லல, கேட்டாங்க. அங்க தங்கறதுக்குக் குடும்பத்தோட இருக்கிற வீடு ஒதுக்கணுமா, தனி ஆளுக்கு ரூமான்னு. உங்களுக்கு ரூம் போதும்னு அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டேன்.