குளத்துக்குப் போவோம் சார்

ஹலோ... ஹலோ, குறிஞ்சிப்பாடி ரைஸ் மில்லுங்களா? எங்க மைன்ஸ்ல வேலை பாக்குற வேணு அங்க இருக்கானா?... ஏ, நீதானா! நான்தாம்ல, இசக்கிமுத்து. மைன்ஸ்ல, ஷிப்ட் ஆபீஸ் போன்ல பேசுறேன். இப்ப ஆள் இல்ல, சட்டுனு சொல்லு. நாளைக்கு ஆயுத பூஜை, அப்புறம் சனி, ஞாயிறு. சனிக்கிழமை ஏரிக்கரையா, ஆத்தங்கரையா?...

ஆமா, ஆமா, சிங்காரவேல் சாரைத்தான் மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போறேன். பின்ன, எனக்கென்ன ஆசையா? பெர்மனென்ட் ஆகணும்னா அவர் கையெழுத்து விழணும்லா. உனக்கும் எனக்கும் கான்ட்ராக்ட்லயே தலை நரைச்சாச்சு... தூண்டிலா? ரெண்டு ரெடி பண்ணி மூலையில சாத்தி வச்சிருக்கேன்.

ஆறுன்னு வையி. தாமிரவருணிக்காரன்லா நான்! ஆத்து மீன் ருசி உங்க ஏரி மீனுக்கு வருமா?... என்னது, கெடிலம் ஆத்துல தண்ணியே இல்லையா?... வெறும் மணலா? அப்ப மணல்லயா தூண்டில் போடுவேன்? சார் என்ன எறும்பா பிடிப்பார்?...

சரி, சரி. பெருமாள் ஏரியே இருக்கட்டும். கரை வரைக்கும் ஜீப்பு போகும்லா?... நல்லது. நான் சார்கிட்ட, 'லீவுக்குக் குளத்துக்குப் போவோம் சார், மீனு துள்ளுது'ன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்...

ஏன், அதுல என்ன தப்பு? எங்க ஊர்ல குளம்னா ஏரிதான்... உங்க ஊர்ல?... கோயில் குளமா?...

அட கடவுளே! சாரும் உங்க பக்கம், திருவதிகைக்காரர்லா... இரு, இரு. அதான் அவருக்குக் கண்ணு கலங்கிட்டு! 'இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆளா'ன்னார். அம்மாவையும் கூட்டிட்டு வாரேன்னார். மீனுக்குப் பொரி நானே வாங்கிட்டு வாரேன்னார். நான் என்ன நினைச்சேன்? பெரிய ஆபீசர், மண்புழுவத் தொடக் கூச்சப்பட்டுப் பொரிய மாட்டிப் பிடிப்பார் போலன்னு...

சிரிக்காதல, வயிறு எரியுது! புரட்டாசி சனிக்கிழமை, அவங்க அம்மா முன்னால கோயில் குளத்துல தூண்டிலோட நிக்கப் பாத்தேனே. பொழப்புல மண்ணு விழுந்திருக்கும்...

சார்! வாங்க சார்... இல்ல சார், சும்மா, நம்ம வேணுகிட்ட... எது சார், மூலையிலயா?... தூண்டில்... ஆயுத பூஜை சார்! அதுவும் ஒரு ஆயுதந்தான சார்... சந்தனம், குங்குமம் வச்சு... என்ன சார்? கதவையா?... சாத்திட்டேன் சார்... காலையில அம்மாவோட குளம், சரிங்க சார்... மத்தியானம்?... ஏரிக்கா!... சே சே, அம்மா காதுக்கு எப்படி சார் போகும்?... விராலா சார்? பிடிச்சிருவோம் சார்... சரிங்க சார், சரிங்க.

வேணு... இருக்கியால? போயிட்டார். குளமும் உண்டு, ஏரியும் உண்டு! புரட்டாசி விரதம் அம்மாவுக்கு மட்டுந்தானாம், சாருக்கு நாக்கு ஊறுது... கையெழுத்தா? போடாம எங்க போவார்? விரால் தூண்டில்ல மாட்டுதோ இல்லையோ, சார் வசமா மாட்டிக்கிட்டார்ல!...

என்ன, நீயும் வாரியா? ஏரிக்குத்தான?... குளத்துக்கா? காலையில குளத்துல உனக்கு என்னல வேலை?... அம்மாவப் பாக்கவா?... விரால் கதைய அவங்ககிட்ட சொல்லாம இருக்க, உனக்கும் பெர்மனென்ட்டா?... ஏல, ஏல, ஒரு மீனுக்கு எத்தன தூண்டில்!... ஹலோ?... வேணு?... வச்சிட்டானே பாவி!