தொட்டி ரூமுக்கு ஒரு சட்டம்

...ஓசி ரூமுங்க! ஓசியில படுக்கிறதுக்கும் கோவமா? நீங்களே சொல்லுங்க! அந்தா, அந்த பெஞ்சியில மூட்ட முடிச்சோட உக்காந்திருக்காரே, பெரிய மீச, அவருதான் வீரய்யா. மாப்பிள்ளைக்கு அப்பா. பக்கத்துல மொகத்தத் திருப்பிக்கிட்டு இருக்கிறது அவரு சம்சாரம் அம்மாக்கண்ணு. நாளைக்கிக் காலையில எந் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். இவங்க என்னடான்னா நானுஓயா ஸ்டேசன்ல ரயிலுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க! ஊருக்கே திரும்பிப் போறாங்களாம்!

தள்ளி உக்காராதீங்க, எடம் இருக்கு.

நான் பிஸ்கட் கம்பெனி ரெப்புங்க. கண்டி, பதுளன்னு ஊர் ஊராப் போவேன். ஒரே மொதலாளியோட ஓட்டலாப் பாத்துத் தங்குவேன். ஏன்? தங்கத் தங்க எம் பேருல பொயின்ட் ஏறும். கம்பெனி காசு, என்னோட பொயின்ட்! நெறைய சேந்துச்சின்னா ஓசியில ரூம் குடுப்பாங்க. அதுல என்னங்க தப்பு? எந்த முதுகு படுத்துச்சு? எம் முதுகுதானே!

மாப்பிள்ள வீடு நோட்டன் பிரிட்ஜ். மொத நாளே வந்து எறங்குனா, தங்க வைக்கிறது பொண்ணு வீட்டுப் பொறுப்பு. தங்கச்சி பேச்சியம்மா பாவம், தோட்டத்து லயத்துல இருக்குற ஒத்த ரூமு காம்பராவுக்கு வெள்ளையடிச்சி வச்சிருந்தா. நான்தான், "தாய்மாமன் இருக்கேன்ல? சம்மந்திய நுவரெலியா ஓட்டல்ல எறக்குறேன்"னு தோட்டத்துக்கே கேக்குற மாதிரி சொல்லிப்புட்டேன்.

மூணு ரூமு கெடச்சிச்சு. ரெண்டு சின்னது, சமையக்கட்டுக்குப் பின்னால. வெங்காயம் வதக்குனா கண்ணு எரியும், வேற கொறயில்ல. ஒண்ணு பெருசு. அடேயப்பா! ஒரு தொட்டி இருக்குங்க, சுடுதண்ணி ரொப்பிட்டு ஆளு நீட்டிப் படுக்கலாம்! இந்தக் குளிருக்கு!

"பெருசு யாருக்கு?"ன்னாரு சம்மந்தி. "பொயின்ட் சேத்த ஆளுதான் அதுல படுக்கணும், ஓட்டல் சட்டம்"னேன். சரின்னுட்டாரு. நல்ல மனுசன். அந்தம்மாதான் வெவகாரம்! மாமனுக்கு மரியாதன்னு வெத்தலத் தட்டோட வந்திருக்கு. எம் பொஞ்சாதி கதவத் தொறந்துட்டா. நான் உள்ள தொட்டியில கெடந்து பாடிக்கிட்டிருக்கேன்! "இம்மாம் பெரிய ரூமுல ரெண்டே பேரா?"ன்னு கேட்டுட்டு, நேரா கீழ போயி ரூம் சாவி குடுக்குற ஓட்டல் புள்ளைக்கிட்ட சிங்களத்துல வெசாரிச்சிருக்கு. கல்யாணத்துக்கு வந்த எடத்துல வெசாரண என்னத்துக்குங்க?

அந்தப் புள்ள என்ன சொல்லிச்சா? அது... சின்னப் புள்ளதானே, அதுக்கென்ன தெரியும்...

ஏன் அப்பிடிப் பாக்குறீங்க? சரி, சரி! சட்டம் நான் போட்டதுதான்! எந்த ஓட்டலுக்குப் போனாலும் எனக்குன்னு அந்த வெங்காய ரூமுதாங்க குடுப்பாங்க. அந்தத் தொட்டியில ஒரு நாளாவது கெடக்கணும்னு ஆச. அது குத்தமா? இப்பப் பேச்சியம்மா அழுது அழுது மொகமே வீங்கிப் போச்சு. "அவங்கள கூட்டிட்டு வராம வாசப்படி மிதிக்காத"ன்னுட்டா. கல்யாணம் நின்னா தங்கச்சி மக மொகத்த நான் எப்பிடிங்க பாப்பேன்? பேசாமப் போயி மன்னிப்புக் கேளுங்கறீங்களா? அந்த மீசைக்கிட்டயா? மாமன் மானம் என்னாவறது?

ஐயையோ, ரயில் வந்திருச்சே! மூட்டையத் தூக்குறாரே! நீங்க எங்க எந்திரிக்கிறீங்க? உங்களுக்கும் இதே ரயிலா? இருங்க, இந்தப் போனக் காதுல வச்சிக்கிறேன்... ஹலோ! ஓட்டலா? அப்பிடிங்களா? ரொம்ப சந்தோசம்!

சம்மந்தி! ஏறாதீங்க சம்மந்தி! ஓட்டல்ல இருந்து இப்பத்தான் பேசுனாங்க! சட்டத்த மாத்திட்டாங்களாம்! தொட்டி ரூமுல இனிமே சம்மந்திதான் படுக்கணுமாம்! மாமனுக்கு வெங்காய ரூமுதானாம்!

...எறக்குறாரு! மூட்டைய எறக்குறாருங்க! ஐயா, நீங்க உள்ள ஏறிப் போயிச் சிரிங்க, அந்தம்மா இங்கதான் பாக்குது!