பாலன் கால் வைத்த இடம்

இந்தத் தேத்தண்ணியில் சீனி கொஞ்சம் கூடுதல், மேடம். பரவாயில்லை, குடிக்கிறேன். கூடைப்பந்து உங்களுக்குத் தெரியாது என்றீர்கள். அதுவும் பரவாயில்லை. தெரிந்த இன்ஸ்பெக்டராக இருந்தால் குறுக்கே பேசிக்கொண்டிருப்பார்.

என் பெயர் நாகையா. பகலில் சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர், மாலையில் கிள்ளானில் இந்தப் பையன்களுக்குக் கோச். போன வருடம் எங்கள் பழைய ஆட்டக்காரர்கள் மொத்தமாக வேறு கிளப்புக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது நானும் பந்துகளும்தான். பள்ளியை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பையன்களைப் பொறுக்கியெடுத்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன். குரு, இக்ராம், பாலன், பந்திங்கிலிருந்து பஸ் பிடித்து வரும் யுகேந்திரன், இன்னும் சிலர்.

அப்போது எவனும் தனியாகப் பெரிய ஆட்டக்காரன் இல்லை. அதனால் நான் வகுத்த ஆட்டம் எளிது. யாரும் பந்தைக் கையில் வைத்திருக்கக் கூடாது. வாங்கினால் கொடு, கொடுத்தால் ஓடு. எதிரணி பந்தைத் துரத்தி மூச்சு வாங்கும்போது, நம் ஐந்து பேரில் எவன் தனியாக நிற்கிறானோ அவன் கூடையில் போடுவான். பயிற்சியில் பந்தைத் தரையில் தட்டவே விடமாட்டேன். ஒருவன் தட்டினாலும் எல்லோரும் திடலைச் சுற்றி ஓடவேண்டும். அந்த ஆட்டம் கூடிவந்த நாட்களில் எனக்குச் சாப்பாடுகூட ருசித்தது.

பிறகு யுகேந்திரன் வளர்ந்தான். உயரத்தில் இல்லை, ஆட்டத்தில். அவனிடம் போன பந்து திரும்பி வராது. போட்டால் விழுந்தது, அதுதான் கொடுமை. பார்க்க வந்தவர்கள் அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். மற்ற நால்வரும் பந்துக்குக் கை நீட்டுவதையே விட்டுவிட்டு, டிக்கெட் வாங்காமல் உள்ளே நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கூப்பிட்டுப் பேசினேன். "கோச், நான் போட்டா உள்ள போகுதுலா. அப்புறம் எதுக்கு பாஸ் பண்ணணும்?" என்றான். திமிராகக் கேட்கவில்லை, மேடம். தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். திடலைச் சுற்றி ஓடச் சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு அவன்மேல் எனக்கு வெறுப்பு வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

நீக்கியிருக்கலாமே என்பீர்கள். நீக்கினால் நிர்வாகக் குழு என்னைத்தான் வீட்டுக்கு அனுப்பும். அடுத்து வரும் கோச் அவனைச் சுற்றியே ஆட்டத்தைக் கட்டுவார். மற்றப் பிள்ளைகளை அப்படி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

இனி பாலன். தடுப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை, சொன்னதைச் சொன்னபடி செய்வான். ஒருவன் எம்பிப் பந்தைப் போடும்போது, அவன் இறங்கும் இடத்தில் தடுப்பவன் கால் வைக்கக் கூடாது. வைத்தால் இறங்குகிறவனின் கணுக்கால் மடங்கும், ஆள் சாய்வான். நான் கற்றுக்கொடுக்கும் முதல் பாடமே இதுதான். எம்புகிறவனுக்கு முன்னால் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அதைத் தாண்டாமல் கையை உயர்த்தப் பழக்குவேன். பாலனை மட்டும் சீக்கிரம் வரச்சொல்லித் தனியாகப் பழக்கினேன். கோட்டை ஒவ்வொரு தடவையும் எம்புகிறவன் இறங்கும் இடத்தை நோக்கிக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். "கீழ பாக்காத தம்பி, பந்த பாரு" என்பேன். "சரி கோச்" என்பான்.

யுகேந்திரனுக்கும் ஒரு புது ஆட்டம் தந்தேன். மற்ற நால்வரும் விலகி வழிவிட, அவன் கடைசிக் கோட்டை ஒட்டிப் போய், கூடைக்குப் பக்கத்தில் எம்பி, பின்பக்கம் சாய்ந்தபடி போடவேண்டும். "இப்பதான் கோச் என்னப் புரிஞ்சிக்கிட்டீங்க" என்று என்னைக் கட்டிப்பிடித்தான்.

அங்கே கூடையைத் தாங்கும் இரும்புத் தூணைச் சுற்றி மெத்தை கட்டியிருப்போம். முந்தின வாரம் மழையில் நனைந்திருந்தது. அது நடந்த அன்று நல்ல வெயில், மெத்தையைக் கழற்றிக் காயப்போட்டேன். பிறகு பையன்களை இரண்டாகப் பிரித்து ஆடவிட்டேன். யுகேந்திரனுக்கு எதிரில் பாலன். யுகேந்திரன் எம்பினான். பாலன் பந்தைப் பார்த்தான்.

வெறும் தூணில் தலை மோதிய யுகேந்திரன் மருத்துவமனையில் கண் திறக்கவேயில்லை. சாவு வீட்டில் அவன் அம்மா உஷாராணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் கோச் அவனுக்கு எல்லாம்" என்று அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

பாலனுக்கும் யுகேந்திரனுக்கும் முன்பு சாப்பாட்டுக் கடையில் கைகலப்பு நடந்ததாம். யாரோ எடுத்த வீடியோவில் பாலனின் கால் தெளிவாகத் தெரிகிறதாம். அவனைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். "நான்தான் கால வெச்சேன்" என்று அவனே சொல்லி அழுகிறானாம். கால் அவனுடையதுதான். வைக்கும் இடத்தைக் காட்டியவன் நான். அவனுக்கு அது இன்னும் தெரியாது.

கணுக்கால் மட்டும்தான் என் எண்ணம், சில மாதம் யுகேந்திரன் ஆடாமல் உட்கார்ந்திருந்தால் போதும் என்று சொல்லிவிடலாமா என வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஆனால் நீங்கள் மெத்தையைப் பற்றிக் கேட்பீர்கள். கழற்றும்போது தொட்டுப் பார்த்தேன், மேடம். அது ஏற்கெனவே காய்ந்திருந்தது.

ஆக, கொன்றது நான். கையெழுத்துப் போடுகிறேன். வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம், யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. பாலனை மட்டும் இன்றைக்கே விட்டுவிடுங்கள். லாக்கப்பில் சிமெண்டுத் தரையில் படுத்தால் அவனுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். சனிக்கிழமை அரையிறுதி. குருவும் இக்ராமும் இப்போது கேட்காமலே பந்தைக் கொடுக்கிறார்கள், பார்த்தால் உங்களுக்கே கண் கலங்கும். தடுப்பில்தான் ஓட்டை விழுந்திருக்கிறது. பாலன் வந்துவிட்டால் நாங்கள் ஜெயித்துவிடுவோம்.