பிரேக் லைட் எரியுதா?

— சாகப்போற நேரத்துல அதைத்தான் சொன்னானா? பிரேக் லைட்டைப் பாக்கச் சொல்லி?

— அதைத்தான் சொன்னான். "மெர்ல் வரட்டும் நோரீன், அவன்தான் என் வண்டியை எடுக்கணும். எடுக்கறதுக்கு முன்னாடி பிரேக் லைட் எரியுதான்னு அவனையே பாக்கச் சொல்லு." மூச்சு வாங்கிக்கிட்டே ரெண்டு தடவை சொன்னான்.

— அட எழவே. செத்தும் விடமாட்டேங்கறானே!

— எழவு வீட்டுல நின்னுக்கிட்டு எழவுங்கறியே மெர்ல். உன் வாய் மட்டும் அப்படியே இருக்கு.

— நான் கிளம்பறேன். பூ வாங்கிட்டு வந்தேன், உன் மக கையில குடுத்துட்டேன். அது போதும்.

— பொறு. நெவாடாவுல இருந்து பாலைவனம் பூரா தாண்டி வந்துட்டு, கராஜ் வாசலோட திரும்பிப் போறேங்கறியா? நாப்பது வருஷம் கழிச்சு?

— நான் வந்தது உன் முகத்துக்காக. உன் புருஷன் டெல்பர்ட்டுக்காக இல்ல.

— என் முகத்துக்காகன்னா நான் சொல்றதைக் கேளு. ரெண்டு மணிக்கு சர்ச்சுல இருந்து சவ வண்டி கிளம்புது. அதுக்குப் பின்னாடி இந்த வண்டி போகணும். அவன் கேட்டது அது ஒண்ணுதான். என் மாப்பிள்ளைக்கு கிளட்ச்னா காலா கையான்னு தெரியாது. உங்க கார் பந்தய சங்கம், புழுதிப் பேய்கள், அதுல வேற யாரு இருக்கா?

— நான் ஒருத்தன்தான். மத்த பேயெல்லாம் நிஜப் பேயாயிடுச்சு.

— அப்ப நீதான் எடுக்கணும். லைட்டைப் பாக்கச் சொன்னதுல உனக்கு என்ன கோவம்?

— அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. அந்த லைட்டை வெச்சு ஒரு தடவை என்னை அவமானப்படுத்தினான். அந்த வறண்ட ஏரியில கார் பந்தயத்துல தோத்ததைக்கூட மறந்துடுவேன், அதை மறக்கமாட்டேன். அதனாலதான் அவன் போன் பண்ணப்ப ஒரு தடவைகூட நான் எடுக்கல.

— எப்ப அவமானப்படுத்தினான்? என்ன பண்ணான்?

— விடு.

— சரி, விட்டாச்சு. அந்தத் துணியை மட்டும் இழுத்துவிடு. ஒரு தடவை பாத்துட்டுப் போயேன்.

— இழுக்கறேன். இழுத்துட்டு நேரா வாசலுக்கு... அட! அட பாவி மனுஷா. அப்படியே வெச்சிருக்கானே! கருநீலம்கூட மங்கல. கூரையைப் பாரு, நாம அறுத்த கூரை. காத்து தடுக்காம வேகமா போகணும்னு நாலு இஞ்ச் அறுத்து இறக்கினோம் இல்ல?

— அஞ்சு. நீ ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டு நின்னே. எங்கப்பா பட்டறையே தீப்பொறியா பறந்துச்சு. உன் சட்டையில ஓட்டை விழுந்துச்சு.

— அதையே போட்டுக்கிட்டுத்தான் அன்னிக்கு ஹாம்பர்கர் கடைக்கு வந்தேன். கேளு, ஒரு மில்க்ஷேக் வாங்க மூணு பேர்கிட்டயும் சில்லறை தேறல. ஒரே கிளாஸ்ல மூணு ஸ்ட்ரா.

— நீங்க ரெண்டு பேரும் உறிஞ்சின உறிஞ்சுல எனக்கு நுரைதான் மிச்சம்.

— இன்னொண்ணு வாங்கித் தர்றேன்னு சொல்லியிருந்தேனே.

— சொன்னே. அப்புறம் திடீர்னு கப்பல் படைக்கு ஓடிட்டே.

— ஓடல. போகவேண்டியிருந்துச்சு.

— ஏறு மெர்ல். சும்மா உக்காந்து பாரு.

— இதுல உக்கார எனக்கு எத்தனை நாள் ஆசை தெரியுமா? கூரையை இறக்கினப்புறம் டெல் ஒருத்தனையும் உள்ள விடமாட்டான். கதவைத் தொட்டாலே கத்துவான்... அம்மா! தலை. எழவு, கூரை இடிக்குது.

— குனிஞ்சு போ.

— குனிஞ்சாச்சு. இப்ப முட்டி ஸ்டியரிங்ல மாட்டிக்கிச்சு. சீட்டைப் பின்னால தள்ளு.

— தள்ள முடியாது. பழைய போர் விமானத்துல இருந்து கழட்டின சீட்டு. தரையோட பத்த வெச்சது.

— அப்ப காலை எங்க வெக்கறது? பெடல்ல என்ன இது, மரக்கட்டையா? மூணு பெடல்லயும் கட்டை வெச்சு போல்ட் போட்டிருக்கு!

— ம்.

— கேளு நோரீன். டெல் என்னைவிட ஒரு சாண் உயரம். அவன் எப்படி இதுக்குள்ள உக்காந்து நூத்தி முப்பது மைல் வேகத்துல போனான்? காலை மடிச்சு பாக்கெட்டுல வெச்சுக்கிட்டானா?

— இல்ல.

— வயசானப்புறம் இதையெல்லாம் மாத்தினானா?

— ஒரு ஸ்க்ரூவைக்கூட மாத்தல.

— அப்ப அந்தக் காலத்துல இந்த சீட்டுல உக்காந்தது யாரு?

— உன் எதிர்ல நிக்கிறவதான்.

— யாரு?

— நான்தான் மெர்ல். ஏரியில இந்த வண்டி ஓடின ஒவ்வொரு தடவையும்.

— வெளையாடாதே.

— சாவு வீட்டுல யாராவது வெளையாடுவாங்களா?

— ஏரியில பொம்பளைங்களை ஓட்டவே விடமாட்டாங்களே! பந்தயக் கோட்டுக்கிட்டகூட நிக்க விடமாட்டாங்களே!

— அதனாலதான் ஹெல்மெட்டு, கண்ணாடி, மூக்கு வரைக்கும் துணி. புழுதிக்காகக் கட்டியிருக்கான் டெல்லுன்னு நீங்க எல்லாரும் நெனைச்சீங்க.

— அவன் எங்க இருந்தான்?

— கோட்டைத் தாண்டித் தள்ளி எங்கப்பா லாரி நிக்கும் பாரு, அதுல தார்ப்பாய்க்கு அடியில. நான் வண்டியைக் கொண்டுபோய் லாரிக்குப் பின்னாடி நிறுத்துவேன். என் ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கிட்டு அவன் இறங்கி வருவான். நீங்க எல்லாம் அவனைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஆடுவீங்க. நான் லாரியில உக்காந்து சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரிப்பேன்.

— நானும் தூக்கினேனே! எத்தனை தடவை தூக்கினேன்! என்னா கனம் கனத்தான்!

— தெரியும். உனக்கு மட்டும் ரெண்டு சாண்ட்விச் தருவேன்ல?

— நம்பமாட்டேன். சொல்லு பாப்போம், மூணாவது கியர்ல இந்த வண்டி என்ன பண்ணும்?

— இடது பக்கம் இழுக்கும். தொடையை ஸ்டியரிங்குக்கு முட்டுக் குடுக்கணும். இந்த இடத்துல. வருஷக்கணக்கா கன்னிப்போய் கிடந்துச்சு.

— ஆண்டவரே. அவனே ஏன் ஓட்டல?

— கண்ணு. முப்பது அடிக்கு அப்பால எல்லாம் பால் ஊத்தின மாதிரின்னு சொல்லுவான். எஞ்சினைக் காதால கேட்டே சரி பண்ணுவான், விரலால தொட்டே கோளாறு சொல்லுவான். ஆனா கோடு எந்தப் பக்கம்னு தெரியாது. வெளியில சொன்னா சங்கத்துல வெச்சுக்கமாட்டீங்கன்னு பயம். அந்த ரகசியம் எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான். இன்னிக்குக் காலையிலதான் அது இனி எனக்கு மட்டும்னு உறைச்சுது. எந்திரிச்சு வழக்கம்போல ரெண்டு கப்புல காப்பி ஊத்திட்டேன் மெர்ல்.

— நோரீன்... பொறு. எனக்குத் தலை சுத்துது. ஒவ்வொரு தடவையும்னா, எங்க ரெண்டு பேருக்கும் பந்தயம் நடந்துச்சே, அன்னிக்கு?

— அன்னிக்கும்.

— என் மஞ்சள் வண்டிக்குப் பக்கத்துல நின்னது நீயா? கையை ஆட்டினேன், பதிலுக்கு ஆட்டினது நீயா?

— நான்தான்.

— ஐயோ. அந்தப் பந்தயம் எதுக்குன்னு உனக்குத் தெரியாதே! தெரியாமலேயே ஓட்டியிருக்கியே! தோக்கிறவன் மறுநாளே ஊரை விட்டுப் போகணும். ஜெயிக்கிறவன் உன்கிட்ட...

— தெரியும்.

— என்ன தெரியும்?

— ஜெயிக்கிறவன் என்கிட்ட வந்து கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேக்கலாம். தோத்தவன் கேக்கக்கூடாது. என்னைக் கேக்காமலே என்னை வெச்சு ஒரு பந்தயம். ரெண்டு கழுதைங்க.

— யாரு சொன்னா?

— டெல்தான். முந்தின நாள் சாயங்காலம் பட்டறை வாசல்ல உக்காந்து அழுதான். "பெரிய தப்பு பண்ணிட்டேன். மெர்லுக்குத் தெரியாது, ஓட்டப்போறது நீதான்னு. யாரு ஜெயிக்கணும்னு நான் சொல்லமாட்டேன் நோரீன். உன் காலு முடிவு பண்ணட்டும்." அப்படிச் சொல்லிட்டு சாவியைக் கையில குடுத்துட்டுப் போயிட்டான்.

— உன் காலு முடிவு பண்ணட்டும்.

— ஆமா.

— அப்ப அவன் என்னை ஜெயிக்கல. நீதான் என்னை வேணாம்னுட்டே. நான் பாரு, ரெண்டு கல்யாணம் பண்ணி ரெண்டும் நிக்காம, ராத்திரியானா டெல்லைத் திட்டிட்டுப் படுக்கறவன். ஆளு மாத்தித் திட்டியிருக்கேன்.

— நீ ஏன் மெதுவா வந்தே?

— என்ன?

— பாதி தூரம் என் பக்கத்துலயே வந்தே. உன் வண்டியோட மஞ்சள் மூக்கு என் தோளுக்கு நேரா தெரிஞ்சுது. அப்புறம் காணோம். கண்ணாடியில வெறும் புழுதி. மறுநாள் ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டே. நீயா காலை எடுத்துட்டேன்னு நெனைச்சேன். சிநேகிதன் எடுத்துக்கட்டும்னு விட்டுக்குடுத்துட்டேன்னு நெனைச்சேன்.

— விட்டுக்குடுக்கவா? உன்னையா? கியர் கம்பி கையோட வந்துடுச்சு நோரீன்!

— என்னது?

— ரெண்டுல இருந்து மூணுக்குத் தள்ளறேன், கம்பி என் கையில நிக்குது! நானே பத்த வெச்ச கம்பி. என்னை மாதிரி வெல்டு வைக்க ஆளே இல்லன்னு பீத்திக்குவேனே, அந்த வெல்டு. எஞ்சின் தொண்டை கிழியக் கத்துது, வண்டி வேகம் எடுக்கமாட்டேங்குது. அந்த இரும்பைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தன்கிட்டயும் சொல்லல. வெக்கம்.

— கம்பியா... ஒரு கம்பியா?

— நோரீன்? ஏன் முகம் இப்படி வெளுத்துப்போச்சு? உக்காரு. தண்ணி கொண்டுவரச் சொல்லவா?

— வேணாம். டெல்லோட நான் நல்லாத்தான் வாழ்ந்தேன் மெர்ல். ஒரு குறையும் இல்ல. அதை நீ தெரிஞ்சுக்கணும்.

— நான் இல்லன்னு சொன்னேனா?

— ஹாரன் கேக்குது பாரு. என் மகதான். சர்ச்சுக்கு நேரமாச்சு. இறங்கு.

— இறங்கறதா? காலை வெளியில எடுக்கவே ஒரு ஆளு வேணும். இந்தா, கையைக் குடு. அப்ப யாரு ஓட்டறது?

— யாருக்கு இந்த சீட்டைப் பத்த வெச்சாங்களோ அவ. இந்த செருப்பைப் பிடி.

— வெறுங்கால்லயா?

— அப்பவும் வெறுங்கால்தான்.

— அட... உறைக்குள்ள கத்தி போன மாதிரி உக்காந்துட்டியே. சத்தியமா நீதான்.

— பின்னால போ. அவன் சொன்னதைப் பாத்துடு.

— அந்த லைட்டையா?

— அதைத்தான். இதோ மிதிக்கறேன். எரியுதா?

— எரியுது.

— ரெண்டும்?

— ரெண்டும். அதே சிவப்பு. நான் சொன்ன அவமானம் இதுதான் நோரீன். புழுதிக்குள்ள ஒண்ணும் தெரியாம வந்துக்கிட்டு இருக்கேன். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி, இந்த ரெண்டு சிவப்பும் எரிஞ்சுது. ஜெயிக்கப்போறவன் எவனாவது கோட்டுக்கு முன்னாடி பிரேக் போடுவானா? "வாடா ஆமை, உனக்காக நிக்கறேன்"னு கிண்டல் பண்றான்னு நெனைச்சேன். அதைத்தான் என்னால மன்னிக்க முடியல. ஆனா ஓட்டினது நீ. நீயா என்னைக் கிண்டல் பண்ணே?

— ஏரியில யாரும் பிரேக்கைத் தொடமாட்டோம். காலை எடுத்தா வண்டி தானா உருண்டு நிக்கும், இல்லையா?

— அதுதானே வழக்கம்.

— அன்னிக்கு லாரிக்குப் பின்னாடி கொண்டுபோய் நிறுத்தினதும், டெல் எப்பவும் போல ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்துக்கிட்டு வந்தான். சக்கரத்துக்குள்ள கையை விட்டவன் வெடுக்குன்னு எடுத்தான். பிரேக் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. உள்ளங்கை கொப்புளிச்சுப் போச்சு. என் பக்கம் திரும்பிப் பாத்தான். ஒரு வார்த்தை கேக்கல. சாகற வரைக்கும் கேக்கல.

— பிரேக் ஏன் கொதிக்கணும் நோரீன்?

— ரெண்டு காலையும் வெச்சு மிதிச்சேன் மெர்ல். அப்படியும் இந்தப் பாழாப்போன வண்டி வழுக்கிக்கிட்டே போய் கோட்டைத் தாண்டிடுச்சு. நீ என்னை முந்திக்கிட்டுப் போவேன்னு மிதிச்சேன்.