வாளி ஊற்றாத தண்ணீர்

இந்த அவையைத் தாங்கி நிற்கும் தலைவர் அவர்களே! என் பேச்சுக்குக் கடிகாரம் பிடித்துக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே! ஊர் விழிக்குமுன் ஊரைத் துலக்கிவிடும் துப்புரவுப் பணியாளர் சங்கத்துப் பெரியோர்களே! கை காய்த்தாலும் முகம் கோணாத தாய்மார்களே! முதல் வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிக்கும் எங்கள் வாளி அக்கா அவர்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நான் யார்? நீதிமன்றத்தில் வானிலைக்காகச் சாட்சி சொல்பவன். அன்று மழை பெய்ததா, பனி படர்ந்ததா, காற்று கடுமையா? வானம் கூண்டில் ஏறாது. அதன் சார்பில் நான் ஏறுவேன். கைதட்ட வேண்டாம், செயலாளர் முறைக்கிறார்!

ஒரு மருத்துவமனை வாசல் கூடத்தில் ஓர் அம்மையார் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. தரை ஈரம் என்றார் அவர் மகன். ஈரத்துக்குக் காரணம் துடைத்தவள் என்றது நிர்வாகம். பழி யார் தலையில்? அங்கே தரை துடைக்கும் வாளி அக்கா தலையில்!

அக்கா சொன்னது ஒன்றே ஒன்று. "நான் அன்னைக்கு அந்தப் பக்கம் வாளியே கொண்டு போகலைங்க. தரை தானா வேர்த்துச்சு."

கேட்டவரெல்லாம் சிரித்தார்கள். மழை இல்லை, மேகம் இல்லை, மேலே பளிச்சென்ற வானம். தரைக்கு வேர்க்குமாம்! வேலை போகும், பெயர் போகும், சிறைக்கும் போக நேரும் என்று அந்த வீட்டில் அடுப்பே அணைந்து கிடந்தது.

வழக்கு நீதிமன்றம் போனது; அக்காவுக்காகச் சாட்சி சொல்ல என்னை அழைத்தார்கள். அந்த வாரத்து வானிலைப் பதிவுகளைப் பார்த்தேன். நாள்கணக்கில் கடுங்குளிர், கல்தரை சில்லிட்டுக் கிடந்திருக்கிறது. விபத்து நடந்த காலையில் திடீரென்று கடல் பக்கமிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? காற்றில் ஈரம் இருந்தது, குளிர்ந்த கல்லில் வந்தது!

அதைக் கண்ணெதிரே காட்ட நினைத்தேன். அதே தரைக் கல் ஒன்றைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். எங்கள் வழக்கை அழைப்பதற்குள் பனிக்கட்டி கரைந்துபோனது, கல் மட்டும் சில்லென்றே இருந்தது. கல்லை ஈரம் போகத் துடைத்து மேசைமேல் வைத்தேன். ஒரு துளி? ஒரு பொட்டு? ஒன்றுமே இல்லை! ஏசி அறையின் வறண்ட காற்றில் கல் எப்படி வேர்க்கும்? வானிலை படித்த எனக்கு, நிற்கும் அறையின் வானிலை மறந்துபோனது!

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். "ஐயா, கல்லுக்கு வேர்க்கலை. சாட்சிக்குத்தான் வேர்க்குது!"

ஆமாம், சிரியுங்கள், அன்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "ஐயா, ஏசியை நிறுத்தி, கதவைத் திறக்கச் சொல்லுங்க" என்றேன். நீதிபதி தலையசைத்தார். கதவு திறந்தது. வெளியே புழுங்கிக்கொண்டிருந்த காற்று உள்ளே புகுந்தது. கல்லின் பளபளப்பு மங்கியது. முத்து முத்தாக நீர் துளிர்த்தது.

அது மட்டுமா? நீதிபதி அண்ணாந்து பார்த்தார், குனிந்து பார்த்தார். "என்னய்யா இது, ஒண்ணுமே தெரியலையே!" என்றார். அவர் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி!

அதைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்: "வக்கீல் சார், இதையும் அந்தம்மாதான் வாளியோட வந்து நனைச்சாங்களா?"

கல், கண்ணாடி, பதிவுகள் மூன்றும் ஒரே கதை சொல்லின. அக்கா குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. வெளியே வந்ததும் அக்கா படியில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்? அப்போது, கைத்தடி ஊன்றி எழுந்து நடக்கத் தொடங்கியிருந்த அந்த அம்மையார் அருகே வந்தார். "உன் மேல பழி போட்டோமேம்மா, மனசுல வச்சுக்காதே" என்றார். அக்கா சட்டென்று எழுந்தார். கண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

"அம்மா, பாத்து! படி வேர்த்திருக்கு. என் கையைப் பிடிச்சுக்கோங்க."

தோழர்களே! தன்னைக் கூண்டில் ஏற்றிய கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டதே, அந்தக் கை காய்த்த கை! அந்தக் கையின்மேல் இனி எவரேனும் பழி சுமத்த வந்தால், முதலில் கதவைத் திறந்து காற்றைக் கேட்கச் சொல்லுங்கள்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. கடிகாரத்தை மடியில் வைத்துவிட்ட செயலாளருக்கு இரட்டை நன்றி. வணக்கம்!